கோலத்துக்கு இலக்கணம் எழுதிய ஊர்

போன மார்கழியில் எங்கள் குடியிருப்பில் கோலப் போட்டி வைத்தார்கள். சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில் வரிசையாக எழும்பி நிற்கும் அடுக்ககங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே வாசல் என்பது மூன்றடி நடைவழிதான். அதனால் கார்களை வெளியே எடுத்துவிட்டுத் தரைத்தளத்தில் போட்டியை நடத்தினார்கள். ஆளுக்கு ஆறடிக்கு ஆறடி இடம், இரண்டு மணி நேரம், முதல் பரிசு குக்கர். மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. எனக்குக் கோலம் பிரமாதமாக வரும் என்பதால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க ஒப்புக்கொண்ட மூன்று பேரில் நானும் இருந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்குப் போட்டதிலேயே நல்ல கோலம் நாலாவது மாடி அக்கா போட்ட சிக்குக் கோலம். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஒரே இழை, ஒரே கனம். எந்தப் புள்ளியையும் தொடாமல், எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டேன். “இத எங்கக்கா கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கலாம் இல்லம்மா. என் பொண்ணு ஃபோன்ல ஏஐகிட்ட கேட்டு ஒரு படம் எடுத்துக் குடுத்தா. அதப் பாத்துதான் போட்டேன்.”

அவர் அதை மறைக்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. நடுவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நோட்டீஸில் ‘சொந்தக் கோலமாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் போட்டது எப்படிச் சொந்தக் கோலமாகும் என்றார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். குக்கர் ஒரு மயில் ரங்கோலிக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி: “புஸ்தகத்தப் பாத்துப் போட்டா மட்டும் சொந்தக் கோலமா?”

அம்மாவிடம் நாற்பது வருஷத்துக் கோல நோட்டு ஒன்று இருக்கிறது. பாதி பக்கங்களில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கோலங்கள். மீதி, பிறர் வாசலில் பார்த்து வந்து போட்டவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது வந்த வழி இருக்கும்: ‘மதுராந்தகம் சித்தி’, ‘ரேஷன் கடைப் பாட்டி’. அம்மாவே யோசித்துப் போட்டது என்று பார்த்தால் நாலைந்து தேறலாம். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அம்மா எந்தப் போட்டிக்குப் போயிருந்தாலும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

இதில் எனக்குக் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. நான் வேலை பார்ப்பது சிறுசேரியில், மென்பொருள் எழுதுகிற வேலை. வாரத்தில் ஐந்து நாள் கணினியை நம்பிச் சாப்பிடுகிறவள், ஆறாவது நாள் அது தொட்டது தீட்டு என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். கணினி கலைக்கு ஆகுமா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒழுங்காகப் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அது என்னை ஸ்டான்ஃபோர்டுக்கும் லண்டனுக்கும் கூட்டிப்போகும் என்று நினைத்தேன். கூட்டிப்போனதும் உண்மைதான். ஆனால் நான் தேடிய பதிலின் பெரும்பகுதி கிடைத்த இடம், என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்தது.

*

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. அந்தக் காட்டின் மிச்சம் இன்றும் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கே புள்ளியியல் துறைத் தலைவராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. கணிதம் கற்பித்தவர் அவருடைய மனைவி ராணி சிரோமணி. ராணியிடம் ஆய்வு செய்த மாணவி கமலா கிருத்திவாசன், பின்னாளில் ஐஐடி மதராஸில் பேராசிரியர் ஆனார். இந்த மூன்று பேரும் சேர்ந்து 1974இல் ஒரு பன்னாட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதழின் பெயரைத் தமிழில் சொன்னால், ‘கணினி வரைகலையும் பட அலசலும்’. கட்டுரையின் தலைப்பு, ‘அணி இலக்கணங்களும் கோலமும்’.

1974இல் கோலம். அதுவும் கணினி வரைகலை இதழில். மதராஸில் அப்போது கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்து சேர்ந்தது 1973இல்தான். ஆனால் இந்த மூவரும் செய்த வேலைக்குக் கணினி பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தாளும் பென்சிலும் போதும். ஒரு கோலம் எந்த விதிகளால் வளர்கிறது என்று எழுதுவதுதான் வேலை.

இங்கே ‘இலக்கணம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1950களில் நோம் சாம்ஸ்கி, ஒரு மொழியின் எல்லா வாக்கியங்களையும் ஒரு சில மாற்று விதிகளால் உண்டாக்கிவிட முடியுமா என்று கேட்டார். ‘வாக்கியம்’ என்ற இடத்தில் ‘எழுவாய், பயனிலை’ என்று வை. ‘எழுவாய்’ என்ற இடத்தில் ஒரு பெயரை வை. இப்படியே போனால் வாக்கியம் வந்துவிடும். கணினி மொழிகள் இன்றைக்கும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் நீளும், கோலமோ நாலு பக்கமும் விரியும். அதனால் தாம்பரத்துக்காரர்கள் எழுத்துகளை வரிசையாக வைக்காமல் கட்டம் கட்டமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு சின்ன வரைதுண்டு. எந்தக் குறியீட்டின் இடத்தில் எது வரலாம் என்பதற்கு விதி. விதிகளை ஒரு சுற்று ஓட்டினால் சின்னக் கோலம். இன்னொரு சுற்று ஓட்டினால் அதே சாடையில் பெரிய கோலம். அக்கா தங்கை மாதிரி ஒரு குடும்பமே வந்துவிடும். அந்தக் குடும்பம்தான் ஒரு ‘மொழி’.

படங்களுக்கு இலக்கணம் என்ற எண்ணம் இந்தியாவில் அதற்கு முன்பே இருந்தது. பம்பாயில் டாடா ஆய்வு நிறுவனத்தின் டிஃப்ராக் கணினியை உருவாக்கியவர்களில் முதன்மையான ஆர். நரசிம்மன் 1960களிலேயே அதில் வேலை செய்திருக்கிறார். தாம்பரம் கூட்டிய புதுசு, அந்தக் கருவியை வாசலுக்குக் கொண்டுவந்தது.

அதற்குக் காரணம் கிஃப்ட் சிரோமணியின் குணம் என்று நினைக்கிறேன். அவர் கலையை வெளியிலிருந்து எட்டிப்பார்த்த கணக்கு வாத்தியார் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடைகளையும் அணிகலன்களையும் பற்றித் தனியாக எழுதியவர். கோலக் கட்டுரை வந்த அதே 1974இல், கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியலாளர் பி. தயானந்தன் இருவரோடும் சேர்ந்து ‘மாமல்லபுர ஆய்வுகள்’ என்ற ஆங்கில நூலையும் வெளியிட்டார். பழைய பிராமி எழுத்துகளைக் கணினியால் அடையாளம் காண முடியுமா என்றும் ஆராய்ந்தார். 1978இல் திருவான்மியூரிலிருந்து வந்த கலாக்ஷேத்ரா காலாண்டிதழில் கோலங்களைப் பற்றி எழுதினார். அதாவது, கணினி வரைகலை இதழுக்கும் நடனப் பள்ளியின் இதழுக்கும் ஒரே ஆள் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார். இரண்டும் இரண்டு உலகம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல.

*

இதே காலத்தில் மேற்கே என்ன நடந்தது என்று பார்த்தால் தாம்பரம் எவ்வளவு வேறு மாதிரி யோசித்தது என்பது புரியும்.

1965 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நகரில் கியோர்க் நேஸ் என்பவர் கணினியால் வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். வந்திருந்த ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, கண்காட்சியை நடத்திய தத்துவப் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸே, இது ‘செயற்கைக் கலை’ என்று ஒரு பெயர் வைத்தார். உங்கள் கலை வேறு, இது வேறு, சண்டை வேண்டாம் என்று அர்த்தம்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் மைக்கேல் நோல் இன்னொரு வழியில் போனார். மாண்ட்ரியான் 1917இல் வரைந்த கோட்டோவியம் ஒன்றின் சாயலில் கணினியைக் கொண்டு ஒரு படம் செய்தார். இரண்டின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 100 பேரிடம் காட்டினார். கணினிப் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். 59 பேருக்குக் கணினிப் படமே அதிகம் பிடித்திருந்தது.

இந்த இரண்டு கதைகளிலும் கேள்வி ஒன்றுதான்: இயந்திரம் செய்வதும் ஓவியர் செய்வதும் ஒன்றா? ஒரு பக்கம் மேதை, மறுபக்கம் இயந்திரம், நடுவில் போட்டி. எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றதும் இதே இடத்தில்தான்.

தாம்பரத்தில் கேட்கப்பட்டது வேறு கேள்வி. இந்தப் பெண்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? தமிழ் படித்த யாருக்கும் இந்த வரிசை தெரியும். இலக்கியம் முதலில், இலக்கணம் பிறகு. இலக்கணக்காரர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பார்த்து, அதிலுள்ள ஒழுங்கை எழுதுகிறார். அப்படியானால் கோல இலக்கணம் எழுதப்படும்போது இலக்கியம் எது? தினமும் காலையில் போட்டு, பத்து மணிக்குள் செருப்புக்கும் சைக்கிளுக்கும் அழிந்துபோகிற அந்தக் கோலம்தான்.

*

முதல் கட்டுரைகளில் ஒரு குறை இருந்தது. அவை கோலத்தைக் கட்டங்களாகப் பார்த்தன. ஆனால் கோலம் போடுகிறவர் கட்டம் கட்டமாகப் போடுவதில்லை, கை ஓடுகிறது. சிரோமணி குழுவினர் பிறகு அந்தப் பக்கம் திரும்பினார்கள். கோலம் போடுகிற பெண்கள் கையை எப்படி நகர்த்துகிறார்கள், எதை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தார்கள். கம்பிக் கோலத்தின் ஓட்டத்தை ஏழு அசைவுகளாகப் பிரித்தார்கள். நேராகப் போவது ஒன்று. வலப்பக்கம் திரும்புவது மூன்று விதம். இடப்பக்கம் அதே மூன்று. எவ்வளவு பெரிய கம்பிக் கோலத்தையும் இந்த ஏழு எழுத்தில் ஒரு சொல்லாக எழுதிவிடலாம். இழை தொடங்கிய இடத்துக்கே திரும்புவதால் அந்தச் சொல்லுக்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. எந்த எழுத்திலிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதைப் படித்தபோது அம்மாவிடம் போய்க் காட்டினேன். அம்மா ஏழையும் பார்த்துவிட்டு, “இதுல என்ன இருக்கு, இப்படித்தான போடுவோம்?” என்றாள். ஓர் இலக்கணத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

யோசித்தால், கோலம் போடுகிறவர்களிடம் இந்தக் குறியீட்டு வழக்கம் முன்பே இருந்திருக்கிறது. பத்திரிகைகளில் கோலத்தின் கீழே ஒரு வரி போடுவார்கள்: ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி.’ நடுவில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்து. ஒவ்வொரு புள்ளியும் முந்தின வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழட்டும். மொத்தம் 169 புள்ளிகள். ஒன்றையும் எண்ணிக்காட்டாமல், யாரும் தவறாக வைக்க முடியாதபடி, ஒரே வரியில் சொல்லியாயிற்று. நான் அலுவலகத்தில் இதைத்தான் செய்கிறேன், இவ்வளவு சுருக்கமாக அல்ல.

பிறகு கோலம் கடல் கடந்தது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மயர், பாசி எப்படி வளர்கிறது என்பதைக் காட்ட 1968இல் ஒரு விதிமுறையை வகுத்திருந்தார். எல்லாக் குறியீடுகளும் ஒரே நேரத்தில் மாறும் முறை அது. 1980களின் பிற்பாதியில் கனடாவில் இருந்த ஷெமிஸ்லாவ் ப்ரூஸின்கியெவிச், செடிகளைக் கணினியில் வளர்க்க அதே முறையைப் பயன்படுத்தியவர், கோலத்தையும் அதில் போட்டார். ஆங்கிலத்தில் ‘கிருஷ்ணனின் கொலுசு’ என்று பெயர் வாங்கிய கோலம் அப்படித்தான் உலகெங்கும் கணினிப் பாடங்களில் ஏறியது. ஒரு சின்னக் கோலம். அடுத்த நிலையில் அதைப் போல நான்கு, ஒன்றோடொன்று கோத்து. அதற்கடுத்து அதில் நான்கு. எவ்வளவு பெரிதானாலும் இழை ஒன்றே ஒன்றுதான். கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தபின், அவர் நினைவாக நரசிம்மன் தொகுத்த நூலில் ப்ரூஸின்கியெவிச்சும் கமலா கிருத்திவாசனும் இன்னொருவரும் சேர்ந்து, கோலத்தையும் கர்நாடக இசையையும் இந்த முறையில் உருவாக்குவது பற்றி எழுதினார்கள். ராணி சிரோமணி பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்தோடு இணைந்திருந்தார், 2019இல் காலமானார். அந்தக் கழகம் இப்போது இருப்பது சிறுசேரியில், என் அலுவலகம் இருக்கும் அதே பக்கம்.

*

சரி, அப்படியானால் கணினி கலைக்கு ஆகும் என்று முடித்துவிடலாமா? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, பிழைப்பு. மவுண்ட் ரோட்டில் கையால் வரைந்த சினிமா பேனர்கள் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இருபது முப்பது அடி உயரத்துக்கு ரஜினியின் முகத்தைக் கட்டம் போட்டுப் பெருக்கி வரைந்த ஓவியர்கள், 2000களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்ததும் சில ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். அங்கே ‘இது கலையா’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘நாளைக்குச் சோற்றுக்கு என்ன’ என்ற கேள்வி இருந்தது. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கலைக் கொள்கையில் கிடையாது. கோலத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால்தான், கருவியைப் பற்றிய கேள்வியைப் பிழைப்பு கலக்காமல் கேட்டுப் பார்க்க அது நல்ல இடம்.

இரண்டு, ‘கணினி’ என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது ஒரே பொருள் இல்லை. 1974இன் இலக்கணத்துக்குக் கோலத்தின் விதி தெரியும். கோலம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விதியை ஓட்டினால் சரியான கோலம் வந்துதான் ஆக வேண்டும். இன்றைய படம் வரையும் ஏஐ நேர் எதிர். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து, கோலம் எப்படித் தோற்றமளிக்கும் என்று அதற்குத் தெரியும். விதி தெரியாது.

போட்டி முடிந்த வாரம் நானே கேட்டுப் பார்த்தேன். சிக்குக் கோலம் வேண்டும் என்றதும் பளபளவென்று ஒரு படம் வந்தது. செம்மண் தரை, ஓரத்தில் அகல் விளக்குகூட உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கோலம். விரலால் இழையைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாவது திருப்பத்தில் இழை இன்னொரு இழைக்குள் புகுந்து காணாமல் போகிறது. ஒரு புள்ளியைச் சுற்றி ஒன்றுமே இல்லை. இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதுபோல் இருக்கும், எண்ணினால் இருக்காது. பத்துப் படம் கேட்டேன். ஒன்றுகூட முழுசாகப் போய்த் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா போட்ட கோலத்தில் இழை திரும்பி வந்தது. நான் குனிந்து பார்த்தேனே.

*

நாலாவது மாடிக்குப் போனேன். காபி கொடுத்தார். படத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டதும் மகளைக் கூப்பிட்டு ஃபோனை வாங்கிக் கொடுத்தார். போட்டியன்று நான் எடுத்த கோலத்தின் போட்டோவை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கோலம் என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் ஃபோனில் இருந்த படத்தில் புள்ளிகள் வரிசையிலேயே இல்லை.

“புள்ளியே ஒழுங்கா இல்லம்மா அதுல. நான் 13க்கு 7 வச்சுப் பாத்தேன். அதுல ஒக்காந்துச்சு. அப்புறம் மூணு எடத்துல இழை அந்து போயிருந்துச்சு. ரெண்ட சுலபமா சேத்துட்டேன். இந்த மூலையிலதான் ராத்திரி பதினொன்ற வரைக்கும் ஒக்காந்தேன். இங்க சேத்தா அங்க பிரியுது. கடைசில எங்க ஆயா ஒரு திருப்பு திருப்புவாங்க, அது ஞாபகம் வந்துச்சு.”

“இத ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

உண்மைதான். படம் எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கோலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் கோபப்பட்ட ஓவியர்கள் மாதிரி, இயந்திரத்தைப் பார்த்ததும் எங்கள் விசாரணை முடிந்துவிட்டது. தாம்பரத்தில் மூன்று பேர் கேட்ட கேள்வியை, இப்படி எப்படிப் போடுகிறீர்கள் என்பதை, அன்று ஒருவராவது கேட்டிருந்தால், 127 புள்ளிகளையும் ஓர் ஆயாவின் திருப்பத்தையும் பற்றி ஐந்து நிமிஷம் பேச்சு கேட்டிருப்போம். குக்கரும் வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

எனக்கு இப்போது பயம் கணினியைப் பற்றி இல்லை. அந்தப் படத்தை வாங்கி, அதை நம்பாமல் புள்ளி வைத்துப் பார்த்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தது ஒரு கை. அந்தக் கைக்கு ஏழு அசைவும் தெரிந்திருந்தது. என் கைக்குத் தெரியாது. எங்கள் தளத்தில் எட்டு வீடுகளில் ஆறில் வாசலில் ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் கோலம். எங்கள் வீட்டிலும் அம்மா ஊருக்குப் போனால் அதுதான். அறுந்த படம் எத்தனை வந்தாலும் பரவாயில்லை. அறுந்திருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

இந்த வருஷப் போட்டிக்கும் என்னை நடுவராகக் கேட்டிருக்கிறார்கள். நோட்டீஸில் ‘சொந்தக் கோலம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘எத்தனை புள்ளி, இழை எப்படி முடிகிறது என்று போட்டவர் சொல்ல வேண்டும்’ என்று போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழுவில் இன்னும் முடிவாகவில்லை. எதுக்குங்க வம்பு என்று ஒருவர் சொன்னாராம்.

போன மார்கழி போட்டோவை அம்மா என்னிடமிருந்து கேட்டு வாங்கினாள். இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கோலத்தைத் தன் நோட்டில் போட்டுக்கொண்டாள். கீழே ‘13 புள்ளி, 7 வரை, ஊடுபுள்ளி’. ஓரத்தில் வழக்கம்போல் அது வந்த வழி: ‘நாலாவது மாடி.’